வேப்ப மரக் கதவு நிலை: மூலை சரி, கதவு சாத்துப்படுகுதில்லை

உப்புவெளி_மாணவன்:
தரம் 12, தொழிற்பாடப் பிரிவு, தச்சு வேலை. பள்ளிக்கூட வேலைத்தளத்திலை 4×3 அங்குல வேப்ப மரத்திலை கதவு நிலை செய்து நிறுத்தியிருக்கிறம். உள்ளளவு 7 அடிக்கு 3 அடி. மேல் இரண்டு மூலைக்கும் மூலைமட்டம் சரியாப் பொருந்துது. ஆனால் கதவைச் சாத்தினால் பூட்டுப் பக்கம் மேலே முட்டுது, கீழே அரை அங்குலம் வெளியே நிக்குது. கழுந்தும் (மூட்டிலை துளைக்குள்ளை இறங்கிற மர நாக்கு) இளகிப் போச்சு. கதவைச் சீவினால் சரிவருமா?

மட்டக்கோல்:
கதவிலை சீவுளி வைக்காதீங்கோ தம்பி. நிலை முறுகியிருக்கு. மூலைமட்டம் அதைக் காட்டாது. இரண்டு நூலை மூலைக்கு மூலை குறுக்காக இழுத்துக் கட்டுங்கோ. நடுவிலை இரண்டும் பட்டும் படாமலும் நிக்க வேணும். பிறகு கீழ் நூலை மேலே மாற்றி இன்னொருக்காப் பாருங்கோ, இல்லாட்டி ஒன்றையொன்று அமத்துறது தெரியாது. ஒரு மூலை அரை அங்குலம் விலகினால் நடுவிலை கால் அங்குலம்தான் காட்டும், அதாலை அசட்டையா இருக்கக் கூடாது. அதே கையோடை குறுக்களவையும் எடுங்கோ: இரண்டும் 7 அடி 7⅜ அங்குலம் வர வேணும்.

பெரும்பாலும் காரணம், தூக்குக்குண்டை நிலைக்காலின் ஒரு முகத்துக்கு மட்டும் பிடிக்கிறது. முன்முகம், பக்கமுகம் இரண்டுக்கும் பிடிக்க வேணும். இரண்டு காலுக்கும் இடையிலை, அடியிலை 3 அடிச் சட்டம் ஒன்று அடிச்சு வைக்காட்டி, கல் கட்டேக்கை கால் உள்ளே தள்ளுப்படும்.

நிலாவெளி_தச்சு:
கழுந்து இளகினது ஈர மரத்தாலை. அறுத்த கையோடை எடுத்த வேம்பு காயக் காயக் குறுக்காலை சுருங்கும். நீளத்திலை அவ்வளவு மாறாது. நிழலிலை, இடையிலை கட்டை வைச்சு அடுக்கினால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருசம் என்பது பழைய கணக்கு.

கழுந்தின் கனம் மரத்தின் மூன்றிலொரு பங்கு. 3 அங்குலத்துக்கு 1 அங்குலம், உளியும் அதே அகலம். எல்லாக் கோட்டையும் ஒரே முகத்திலை இருந்து கீறுங்கோ. முகம் மாறினால் மூட்டு படி வைக்கும். பொளியை, அதாவது கழுந்து இறங்கிற துளையை, இரண்டு பக்கத்தாலும் பாதி பாதியாக வெட்டுங்கோ, ஒரே பக்கத்தாலை போனால் மற்றப் பக்கம் பிய்யும்.

இளகினதுக்கு மரத்தூளும் பசையும் அடைக்கிறது ஏமாற்று வேலை. அதே மரத்திலை மெல்லிய சீவலைக் கழுந்திலை ஒட்டிச் சீவிப் பொருத்துங்கோ. பிறகு காய்ந்த மர ஆணி. கழுந்திலை போடுற ஆணித் துளையை, பொளிப் பக்கத்து ஆணித் துளையை விட 1/16 அங்குலம் தோள் பக்கமாக (கழுந்து தொடங்கிற இடத்துப் பக்கமாக) போட்டால் ஆணி இறங்கேக்கை மூட்டை இழுத்துப் பிடிக்கும்.

கடற்கரை_வேலைத்தளம்:
திருகோணமலையிலை ஒன்றை மறக்கக் கூடாது. வறண்ட கச்சான் காற்றிலை இறுக்கமாகப் பொருத்தின கதவு மார்கழி மழைக்கு ஊதிப் பிடிக்கும். பூட்டுப் பக்கம் ⅛ அங்குலம் விடுங்கோ. கதவின் கீழ் விளிம்புக்கும் பெயின்ற் அடியுங்கோ, ஈரம் அதாலைதான் கூடுதலா ஏறும். பிணைச்சல் பித்தளை எண்டால் நல்லது, இரும்பு உப்புக் காற்றுக்குக் கெதியிலை கறள் பிடிக்கும்.

உப்புவெளி_மாணவன்:
பிணைச்சல் பக்கம் பூச்சுப் பூசியாச்சு. நிலையைக் கழற்ற வேணுமா?

மட்டக்கோல்:
தேவையில்லை. பிணைச்சல் கால் இரண்டு முகமும் நேரா நிக்குதெண்டால் அதைத் தொடாதீங்கோ. பூட்டுப் பக்கக் காலிலை, சுவருக்குப் போற கீழ்த் தகட்டின் திருகாணியை மட்டும் இளக்கி, ஆப்பு வைச்சு நூல் தொடுமட்டும் தள்ளுங்கோ. அந்தப் பக்கச் சாந்து இறுகினாப் பிறகுதான் ஆப்பை எடுக்கலாம்.