சத்தம் போடாத கார்: யாழ்ப்பாணத்து வீதிகளில் ஹைபிறிட் ஓட்டியவர்களின் அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிறிட் காரின் கட்டுப்பாடுகளோடு அதிகம் மல்லுக்கட்டுபவர்கள் புதிதாக வாகனம் பழகும் பிள்ளைகளல்லர். ஆயுள் முழுவதும் ஒரு கீறலும் விழாமல் ஓட்டிவந்த பழைய சாரதிகளே என்பதை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டேன். அயலில் வசிக்கும் பெரியவர் ஒருவர், 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கிவைத்து, பின்னர் மண்ணெண்ணெயிலேயே தம்முடைய ஒஸ்ரின் காரை வாடகைக்கு ஓட்டியவர். அந்த வாகனத்தின் நலமும் நோவும் அவருக்குக் காது வழியாகவே தெரியவரும். இரைச்சல் சற்று மாறினால் எந்த இடத்தில் என்ன குறை என்று பொனற்றைத் திறக்காமலே சொல்லிவிடுவார்.

அவருடைய மருமகன் அண்மையில் ரொயோற்றாவின் பிறியஸ் என்ற ஹைபிறிட் காரொன்றை வாங்கினார். 2009இல் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைக்கும் வரையில், இங்கே கைமாறிய ஹைபிறிட்டுகள் எல்லாம் ஏற்கனவே நாட்டுக்குள் இருந்தவைதாம். அவற்றோடு கைநூல் கிடைப்பதே அரிது; கிடைத்தாலும் ஜப்பானிய மொழியில் இருக்கும். எனவே விற்பவர் வாயால் சொல்லிக் கொடுப்பதே பாடம் என்றாகிவிடுகிறது.

பெரியவர் சாரதி ஆசனத்தில் அமர்ந்து, பிறேக்கை மிதித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினார். ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. அதன்பின் ஓர் அசுகையும் இல்லை. இயந்திரம் இயங்கவில்லை என்று எண்ணி மீண்டும் அழுத்தினார். அது கார் முழுவதையும் நிறுத்திவிட்டது. "தம்பி, இது ஸ்ராட் ஆகேல்லை" என்றார். மருமகன் முன்பலகையில் எரிகின்ற பச்சை எழுத்தைக் காட்டி, "மாமா, இந்த றெடி லைற் விழுந்தால் கார் ஓட ஆயத்தம். சத்தத்தை எதிர்பார்க்காதேங்கோ" என்றார். (அந்தப் பெண்குரலைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஜப்பானின் விரைவுப்பாதைக் கட்டண அட்டை கருவிக்குள் செருகப்படவில்லை என்றுதான் அது ஒவ்வொரு நாளும் முறையிடுகிறது.)

பிறேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் மின்சாதனங்கள் மட்டுமே விழித்துக்கொள்ளும். றெடி விளக்கு எரியாது. அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, இயந்திரம் ஊமையாக இருந்தாலும், முன்னோக்கி ஓட்டும் டி (D) நிலையில் பிறேக்கிலிருந்து காலை எடுத்த கணமே கார் ஊரத் தொடங்கும். ஆகவே படலைக்கு முன்னால் நிறுத்தி, இயந்திரம் நின்றுவிட்டது என்று காது சொல்வதை நம்பி இறங்குவது மிகவும் ஆபத்தானது.

இந்தப் பிறியஸில் கையும் காதைப் போலவே ஏமாறும். கியர்த் தண்டை எந்தப் பக்கம் தள்ளினாலும், விட்டவுடன் அது நடுவுக்கே திரும்பிவிடும். பழைய வாகனத்தில் தண்டு நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தே கியரை அறியலாம். இங்கே முன்பலகையில் தெரியும் எழுத்தைப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை. நிறுத்துவதற்கான பி (P) என்பது தண்டில் இல்லாமல் தனியொரு பொத்தானாக இருக்கிறது. இடது காலடியில் இருக்கும் மிதி கிளச் அல்ல, தரிப்பு பிறேக். கிளச் மிதித்துப் பழகிய இடதுகால் அதை ஓட்டத்தில் மிதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பெரியவரின் இடதுகாலை ஆசனத்தின் பக்கமாகப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கச் சொல்லியே மருமகன் அவருக்குப் பழக்கினார்.

ரயில் கடவையில் யாழ்தேவி கடக்கும்வரை நியூற்றல் (N) நிலையில் போட்டுக்கொண்டு நிற்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. ஹைபிறிட்டில் அது உகந்ததல்ல. நியூற்றல் நிலையில், மின்மோட்டாரை இயக்கும் பெரிய பற்றரிக்கு மின் ஏறாது. குளிரூட்டியோ அதிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும். நெடுநேரம் நிற்க நேர்ந்தால் பி பொத்தானை அழுத்திவிட்டால், தேவை வரும்போது இயந்திரம் தானாக இயங்கி மின் ஏற்றிக்கொள்ளும். தானாக இயங்கும் அதே தன்மையால்தான், கதவடைத்த கராச்சுக்குள் றெடி விளக்கு எரியக் காரை விட்டுச் செல்லவும் கூடாது. நாம் வீட்டுக்குள் போன பிறகு இயந்திரம் இயங்கத் தொடங்கும். அடைத்த அறையில் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு மணமும் இல்லை.

சுண்ணாகத்திலிருந்து, வைத்தியசாலைத் தாதி

ஆசிரியர் ஐயா காருக்குள் இருப்பவரின் காதைப் பற்றி எழுதினார். வெளியே இருப்பவரின் காதைப் பற்றி நான் எழுதுகிறேன். அதிகாலை வேலைமுறைக்குப் புறப்படும்போது எங்கள் ஒழுங்கையில் கார் மின்மோட்டாரில் மட்டுமே ஊர்ந்து செல்லும். சைக்கிளில் பால் கொண்டு செல்பவர், கோவிலுக்குப் பூக்கொய்ய வந்த அம்மா, நடுவீதியில் படுத்திருக்கும் நாய் ஆகியோரில் ஒருவருக்கும் பின்னால் ஒரு வாகனம் வருவது தெரியாது. ஹோர்ண் அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதும் தெரியாது. சற்றுத் தொலைவிலேயே முன்விளக்கை ஒருமுறை மின்னவைத்து, நடை வேகத்துக்குக் குறைத்து, அவர்கள் திரும்பிப் பார்த்த பின்னரே முந்துவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

புதிய கார்களில் இதற்கென ஓர் ஒலிக்கருவி உண்டு. ஐக்கிய நாடுகளின் 138ஆம் இலக்க ஒழுங்குவிதி, மணிக்கு 20 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வாகனம் தன் வரவை அறிவிக்கும் ஒலியை எழுப்ப வேண்டும் என்கிறது. சில பழைய கார்களில் அந்த ஒலியை நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. அயலவரின் தூக்கம் கெடும் என்று அதை நிறுத்தி வைத்திருக்கும் ஒருவரோடு எனக்கு வாக்குவாதமே நடந்தது. அந்த ஒலி பக்கத்து வீட்டுச் சேவலின் குரலில் கால்வாசியும் வராது.

பருத்தித்துறையிலிருந்து, குடும்பத்தோடு நுவரெலியா சென்று வந்தவர்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததால், கியர் வரிசையில் டிக்கு அடுத்ததாக இருக்கும் இன்னொரு பி எழுத்தை (தரிப்புக்கான P அல்ல, B) பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. நான் பயணம் சொல்லப் போயிருந்தபோது, அதைப் போட்டால் பற்றரிக்கு விரைவாக மின் ஏறும் என்று ஓர் உறவினர் உறுதியாகக் கூறினார். சமதரையில் எப்போதும் அதிலேயே ஓட்டும் ஒருவரையும் அவர் உதாரணம் காட்டினார். ஆனால் அது இறக்கத்துக்கான நிலை. இயந்திரத்தைச் சுழலவைத்து அதன் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. டி நிலையில் பிறேக்கை மெதுவாக மிதிக்கும்போதுதான் மின்மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, வேகத்தின் சக்தியைப் பற்றரிக்குள் சேர்க்கும். இந்தப் பி (B) நிலையில் அந்தச் சக்தியின் ஒரு பகுதி இயந்திரத்தைச் சுற்றுவதிலேயே செலவாகிவிடும். சமதரையில் அப்படி ஓட்டினால் பெற்றோல்தான் வீணாகும்.

1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கியபோதுதான் இதன் அருமை விளங்கியது. தொடக்கத்தில் டி நிலையில், பிறேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தோம். திரையில் பற்றரியின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. எல்லாம் நிறைந்த பிறகு, அக்சிலேற்றரில் கால் இல்லாதபோதே இயந்திரம் பெருஞ்சத்தத்துடன் சுழலத் தொடங்கியது. பின்னாசனத்தில் இருந்த மாமியார் கார் கெட்டுவிட்டது என்று நல்லூர்க் கந்தனை அழைக்கத் தொடங்கிவிட்டார். உண்மையில் அது காரின் தற்காப்பு நடவடிக்கை. பற்றரி நிறைந்த பின்னர் மின்னைச் சேர்க்க இடமில்லாததால், மிகுந்த சக்தியைக் கொண்டு, பெற்றோல் எரிக்காமலே இயந்திரம் சுழற்றப்படுகிறது. அந்த வேளையில் மின்மோட்டாரின் உதவி குறைந்து, பாரம் வழமையான பிறேக்குகளின் மீது விழும். நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிமானம் இழக்காதிருக்க, செங்குத்தான இறக்கம் தொடங்கும்போதே பி (B) நிலைக்கு மாற்றி, வளைவுகளில் மட்டும் பிறேக்கை மிதிப்பதே நல்லது. அன்று எனக்கு இதைச் சொன்னவர் வழியில் தேநீர்க் கடையொன்றில் சந்தித்த கண்டி வான் சாரதி. அவர் சொன்னபடி செய்து கம்பளை வரையில் நிம்மதியாக வந்து சேர்ந்தோம்.

சமதரைக்கு வந்த பிறகும் ஒன்றைக் கவனிக்கலாம். குன்றும் குழியுமான வீதியில் மெதுவாகப் பிறேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு குழிக்குள் விழுந்தால், கணநேரம் பிடி நழுவியது போலத் தோன்றும். மின்மோட்டார் பிடிப்பிலிருந்து வழமையான பிறேக்குக்கு மாறும் இடம் அது. காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதிப்பதைவிட, எடுக்காமல் இன்னும் அழுத்துவதே சரி. அவசரமாக மிதிக்கும்போது காலடியில் ஏற்படும் துடிப்பும் அப்படித்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள்.

மானிப்பாயிலிருந்து

என் அனுபவம் கார் ஓடாமல் நின்றதைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பிக்காக ஒரு வீட்டில் நெடுநாளாக நிறுத்தி வைத்திருந்த பிறியஸை எடுக்கப் போனோம். திறப்பின் பொத்தானுக்குக் கதவு அசையவில்லை. பின்கதவும் மின்னால் திறப்பதாகையால் அதுவும் திறக்கவில்லை. பெரிய பற்றரியில் மின் இருந்தாலும், கணினிகளை விழிக்கவைப்பது 12 வோல்ற்று சிறு பற்றரிதான். அது இறங்கிவிட்டால் றெடி விளக்கு எரியாது.

செய்தி பரவி அயல் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். "அண்ணை, தள்ளினால் ஸ்ராட் ஆகும்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். இயக்கச் சக்கரங்களின் சுழற்சியால் இயங்கத் தொடங்கும் இயந்திரம் இதில் இல்லை என்று விளங்கப்படுத்தி அவர்களை நிறுத்துவதுதான் அன்று பெரிய வேலையாக இருந்தது. மின் இல்லாதபோது தரிப்புக்கான பி (P) நிலையிலிருந்து விடுவிக்கவும் முடியாது. முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது. உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி மின்னைப் பிறப்பிக்கும்.

செய்ய வேண்டியவை எளியவையே. மின்னணுத் திறப்புக்குள் ஓர் உலோகத் திறப்பு மறைந்திருக்கும். அதை இழுத்தெடுத்துச் சாரதிக் கதவைத் திறந்தோம். சிறு பற்றரி டிக்கியின் வலப்பக்கத்தில் இருந்தாலும், பொனற்றுக்குக் கீழுள்ள பியூஸ் பெட்டிக்குள் அதற்கான நேர்முனை ஒன்று இருக்கிறது. மறுமுனையை வர்ணம் பூசாத உலோகப் பகுதியொன்றில் பொருத்தி, இன்னொரு காரின் பற்றரியிலிருந்து மின் கொடுத்தவுடன் பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரத்தைச் சுழற்றும் பாரம் பெரிய பற்றரியுடையது என்பதால் இதற்கு அதிக மின் தேவைப்படுவதில்லை. புதிய சிறு பற்றரி வாங்கும்போது கவனம் வேண்டும். அது பயணிகள் இருக்கும் இடத்தோடு சேர்ந்திருப்பதால், வாயுவை வெளியேற்றும் குழாய் பொருந்தும் வகையையே போட வேண்டும். சாதாரண பற்றரியை மலிவு என்று போட்டுவிட எங்கள் கராச்சுக்காரர் முனைந்தார், தம்பி சம்மதிக்கவில்லை.

திறப்புக்குள் இருக்கும் நாணய அளவுப் பற்றரி மட்டும் தீர்ந்திருந்தால், பிறேக்கை மிதித்தபடி திறப்பைப் பவர் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிறகு அழுத்தினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபத்து நேர்ந்து காரை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அதே பொத்தானை இரண்டு விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டும், அல்லது விரைவாக மூன்று முறை தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் ஒன்றும் நடக்காது. வீட்டில் காரை ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைத்தேன்.

சாவகச்சேரியிலிருந்து, ஏ9 வீதியில் நாளாந்தம் பயணிப்பவர்

தானாகப் பிறேக் பிடிக்கும் வசதியைப் பற்றிச் சிறிது. 2015 இறுதியில் ரொயோற்றாவின் இன்னொரு ஹைபிறிட்டான அக்குவா காரில் சேர்க்கப்பட்ட பாதுகாப்புத் தொகுதி, முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உள்ள கமெராவாலும் லேசராலும் முன்னால் செல்லும் வாகனத்தை அறிகிறது. அது வாகனங்களுக்கென அமைக்கப்பட்டது. ஆனையிறவுப் பக்கம் அந்தி நேரத்தில் வீதியைக் கடக்கும் மாட்டுக்கு அது பிறேக் பிடிக்கும் என்று எண்ணி ஒருவரும் வேகம் போக வேண்டாம். நண்பர் ஒருவரின் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது; முறிகண்டிப் பிள்ளையாரின் படத்தைக் கமெராவுக்கு நேர்முன்னே ஒட்டியிருந்தார். படத்தைச் சற்றுக் கீழே இறக்கியதும் விளக்கு அணைந்துவிட்டது.

கொக்குவிலிலிருந்து, மின்னியல் வேலை செய்பவர்

மேலே எழுதியவர்கள் தொடாத இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தத்துக்கானவை. மேலே சொன்ன பிறியஸின் பற்றரி 201.6 வோல்ற்று, மோட்டாருக்குச் செல்லும்போது அது 650 வோல்ற்று வரையில் உயர்த்தப்படுகிறது. பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளே தேங்கிய மின் வடியப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கார்த்திகை மழையில் வெள்ளம் ஏறிய காரை, உலர்ந்துவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே இயக்கிப் பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றது, பின்னாசனத்தின் வலது ஓரத்தில் உள்ள காற்றுவாய். பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது அதன்மேல் பொதிகளை அடுக்கிவிடுகிறார்கள். சிலர் ஆசன உறையாலேயே மூடிவிடுகிறார்கள். எங்கள் வெயிலிலும் செம்மண் புழுதியிலும் அந்த வழியும் உள்ளிருக்கும் விசிறியும் விரைவில் அடைபடும். பற்றரி சூடேறி ஆயுள் குறையும். சேர்விஸுக்குக் கொடுக்கும்போது அதைக் கழற்றித் துப்புரவாக்கும்படி நீங்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இங்கே பெரும்பாலும் எண்ணெய் மாற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள்.