ஹெடரை மாற்றினால் மேக் ஏன் கண்டுகொள்வதில்லை?

கேள்வி:
சி மொழி புராஜெக்ட், மேக் (make) என்ற பில்ட் கருவியால் கம்பைல் செய்கிறேன். ஹெடரில் (பல ஃபைல்கள் பகிரும் .h ஃபைல்) இருக்கும் ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்டு சேர்த்தேன். மேக் ஓட்டினால் 'செய்ய ஒன்றுமில்லை' என்கிறது. ஒவ்வொரு தடவையும் கிளீன் பண்ணித்தான் (கம்பைல் ஆன பழைய ஃபைல்களை அழித்துத்தான்) ஆக வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். மேக் உங்கள் கோடைப் படிப்பதே இல்லை. மேக்ஃபைலில் எழுதிய விதியில் கோலனுக்கு வலப்பக்கம் உள்ள ஃபைல்களின் நேரத்தைத்தான் பார்க்கும். அங்கே ஹெடர் பெயர் இல்லையென்றால், அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இப்போதாவது ஒன்றுமே செய்யவில்லை. பாதி ஃபைல்கள் மட்டும் புது ஸ்ட்ரக்டோடு கம்பைல் ஆகியிருந்தால், புரோகிராம் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஜிசிசி கம்பைலருக்கு 'மைனஸ் எம்எம்டி' (-MMD), 'மைனஸ் எம்பி' (-MP) இரண்டையும் கொடுங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் ஒரு 'டாட் டி' (.d) ஃபைல் வரும். எந்தெந்த ஹெடர் வேண்டும் என்று அதில் இருக்கும். மேக்ஃபைலின் கடைசியில் அவற்றை 'மைனஸ் இன்குளூட்' (-include) செய்யுங்கள். முன்னால் அந்த மைனஸ் இருந்தால், ஃபைல் இல்லாதபோது மேக் கத்தாது.

பதில் 2:
'மைனஸ் எம்பி'யை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பிறகு ஒரு ஹெடரை அழித்தால், அதை உருவாக்க விதி இல்லை என்று பில்ட் நின்றுவிடும்.

கேட்டவர்:
சேர்த்துவிட்டேன், ஆனால் 'டாட் டி' எதுவும் வரவில்லையே?

பதில் 1:
கம்பைல் ஆனால்தானே வரும்! இந்த ஒரு தடவை மட்டும் கிளீன் பண்ணுங்கள்.