ஸ்பெசிபிக் இம்பல்ஸ்: தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பற்றி நாலு பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். உந்தம், உந்துவிசை எல்லாம் பாடநூலிலேயே கிடைத்துவிட்டன. 'ஸ்பெசிபிக் இம்பல்ஸ்'தான் இடிக்கிறது. ஒரு கிலோ உந்துபொருளை வைத்துக்கொண்டு, ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையை எத்தனை விநாடி தர முடியும் என்ற கணக்கு. அமெரிக்க விண்ணோடத்தின் ஹைட்ரஜன் எஞ்சினுக்கு வெற்றிடத்தில் 452 விநாடி. சொல் தாருங்கள்.

---

இதில் என்ன சிக்கல்? ஸ்பெசிபிக் ஹீட் 'தன்வெப்பம்', இம்பல்ஸ் 'கணத்தாக்கு'. சேர்த்தால் 'தன் கணத்தாக்கு'. முடிந்தது.

---

> முடிந்தது.

முடியவில்லை ஐயா. மட்டை பந்தில் படுகிறதே, அது கணத்தாக்கு. விண்ணோட எஞ்சின் எட்டரை நிமிடம் விடாமல் எரிந்தது. அது என்ன கணம்? போதாக்குறைக்கு, கணம் வடசொல். 'உந்துதிறன்' என்றால் தீர்ந்தது.

---

திறன் என்பது பவர், வாட்டில் அளப்பது. விநாடியில் வரும் அளவுக்கு அந்தப் பெயரை வைத்தால் தேர்வில் மதிப்பெண் போவது பிள்ளைக்கு, உங்களுக்கல்ல. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன், எங்களுக்கும் கணத்தாக்குத்தான். இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கிற சொற்களே கொஞ்சம். அதிலும் கை வைக்காதீர்கள்.

---

இளையவர்கள் பொறுக்க வேண்டும். விசையை, விநாடிக்குச் செலவாகும் உந்துபொருளின் எடையால் வகுக்கிறோம். வகுத்து வருவது ஈவு. ஈவு என்றால் கொடையும்கூட. உந்துபொருள் நமக்குத் தரும் கொடை! உந்து + ஈவு = உந்தீவு. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்திருக்கிறது, இலக்கணப் பிழை இல்லை. திருவாசகத்து 'உந்தீபற' நினைவுக்கு வரவில்லையா? முப்புரம் எரிந்ததைப் பாடிக்கொண்டே 'பற' என்கிறார்கள் பெண்கள். எரிவதும் பறப்பதும் ஒரே பாட்டில். 'உந்தி'க்கு நீர்ச்சுழி என்றும் ஒரு பொருள் உண்டு, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

---

ஐயா, வேண்டாம். கடைசி பெஞ்சுக்காரன் "எந்தத் தீவு சார்?" என்பான்.

---

ஸ்ரீஹரிகோட்டா என்று சொல்லுங்கள். அதுவும் தீவுதானே.

---

வெள்ளி, மாலை 4 மணி. 'தன் கணத்தாக்கு' என்றே அனுப்பிவிட்டேன். ஆதரவு மூன்று பேர், எதிர்ப்பு இரண்டு, மற்றவர்கள் மௌனம். "இங்கே கணம் என்பது நொடிப்பொழுது அல்ல" என்று அடிக்குறிப்பும் போட்டாயிற்று.

---

அடிக்குறிப்பு கேட்கிற சொல் என்ன சொல்லோ! சரி, மெய்ப்பு பார்க்கும்போது கவனம். அச்சகத்தார் 'தண்' என்று மூன்று சுழி போட்டுவிடுவார்கள். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி என்பதால் அதற்கும் ஒருவர் பொருள் சொல்லிவிடுவார். அநேகமாக நானே.