புதுப்பிப்பு: ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் மாட்டி ஏற்காடு ஏறியாச்சு

போன மாசம் என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்குக்கு, எஞ்சின் ஆயில் சூட்டைக் காட்டுற டெம்பரேச்சர் மீட்டர் எங்கே மாட்டலாம்னு இங்க கேட்டிருந்தேன். ட்ரெயின் போல்ட்ல (பழைய ஆயிலை வடிக்கக் கழட்டுற அடி போல்ட்) சென்சார் வைக்கச் சொன்னவங்களுக்கு நன்றி. ஆனா அது அடியில நீட்டிக்கிட்டு நிக்கும், கல்லு பட்டா ஆயில் மொத்தமும் போயிடும். அதனால ஆயில் ஊத்துற மூடிக்குப் பதிலா திருகுற டயல் மீட்டரே போட்டேன். முதல் நாளே லேசா கசிவு. ஓ-ரிங் (கசிவைத் தடுக்குற ரப்பர் வளையம்) மாத்தினதும் நின்னுடுச்சு.

ஞாயிறு காலை சேலத்துல இருந்து அடிவாரம் வர 90 டிகிரி. 20 கொண்டை ஊசி வளைவுல பாதி தூரம் பஸ்ஸுக்குப் பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்தேன். ஏரிக்கரையில நிறுத்திப் பார்த்தா 118. மனசு பதறிடுச்சு. டீ குடிச்சிட்டு வந்தா 100-க்குக் கீழே. குப்பனூர் வழியா இறங்கும்போது 85 தாண்டவே இல்லை.

எனக்கு இதுல பெரிய பாடம் வேற. தினமும் ஆபீஸ் போற 4 கிலோமீட்டர்ல முள் 60-ஐக்கூடத் தொடலை. ஆயில் நல்லா சூடானாத்தான் உள்ளே சேர்ற ஈரம் ஆவியாகும். இனி வாரம் ஒரு தடவையாவது நீளமா ஓட்டப் போறேன்.

ஒண்ணு ஞாபகம் வைங்க: டயல் கீழே இருக்கு, ஓட்டும்போது குனிஞ்சு பார்க்காதீங்க.