கோத்தகிரியில் புது வீடு: சமையல் மேடைக்கு எந்தக் கல்? ஐந்து சாம்பிள் கையில் இருக்கு, குழப்பமும் இருக்கு

மலைவீடு_கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி வீடு கட்டிட்டிருக்கோம். பூச்சு வேலை முடியப் போகுது, அடுத்து சமையல் மேடைதான். எல் வடிவம், ஒரு கை 9 அடி, இன்னொரு கை 7 அடி, அகலம் 2 அடி.

இப்ப இருக்கிற வாடகை வீட்டில் கருப்புக் கடப்பா. எலுமிச்சையும் புளித்தண்ணியும் பட்ட இடமெல்லாம் வெளுத்துத் திட்டுத் திட்டா நிக்குது. சிங்க் மூலையிலிருந்து விளிம்பு வரைக்கும் விரிசல், அது வழியா தண்ணி இறங்கி கீழே அலமாரிப் பலகை ஊதிப் போச்சு. ஆறு வருஷத்தில் இவ்வளவும். புது வீட்டில் திரும்ப இதே கதை வந்தா என்னால தாங்க முடியாது, ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும்.

இன்னொண்ணு, அத்தை (மாமியார்) நாற்பது வருஷம் விறகடுப்பில் சமைச்சவங்க. இரும்பு தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே மேடையில வெப்பாங்க. மார்கழி காலையில கல்லு ஐஸ் மாதிரி இருக்கும், அது மேல இது. அவங்க கையை மாத்தச் சொல்ல எனக்கு மனசு வரலை. அந்தக் கைக்கு ஏத்த மேடை வேணும்.

கீழே மேட்டுப்பாளையம் போய் ஐந்து துண்டு வாங்கி வந்தேன். ஒண்ணு, விலை குறைவான சுத்தக் கருப்பு கிரானைட். இரண்டு, சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட கிரானைட். மூன்று, வெள்ளைக் குவார்ட்ஸ், இன்டீரியர் செய்யறவர் இதையே எடுக்கச் சொல்றார். நாலு, வெள்ளை மார்பிள். ஐந்து, "இதுவும் கிரானைட்தான்"னு கடைக்காரர் கொடுத்த கருஞ்சாம்பல் கல். எதை எடுக்கலாம்?

குன்னூர்_அக்கா

மார்பிளைத் தயவுசெய்து இன்னிக்கே தள்ளி வெச்சிடுங்க. நான் ஆசைப்பட்டுப் போட்டேன். முதல் வாரமே மோர் சிந்தின இடத்தில் பளபளப்பு செத்துப் போச்சு. அது கறை இல்லை, கல்லே அரிச்சுப் போறது, தேய்ச்சா போகாது, திரும்ப பாலிஷ் போடணும். மஞ்சள் கறைக்காவது வழி இருக்கு: சோடா உப்பைக் குழைச்சு அப்பி, ஜன்னல் வெயில் படற மாதிரி விட்டா மஞ்சள் வெளிறிடும். ஆனா நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில வெயிலுக்கு எங்க போறது?

கொடை_விடுதி

கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துறேன். இரண்டு சமையலறையிலும் வெள்ளைக் குவார்ட்ஸ். நல்லதை முதலில் சொல்லிடறேன்: கறை ஏறாது, சீலர் (கல்லு உறிஞ்சாம இருக்க அடிக்கிற பூச்சு) அடிக்க வேண்டாம், துடைக்கிறது சுலபம். விருந்தினர் அறைப் பக்கம் இருக்கிற மேடை அஞ்சு வருஷமா புதுசு மாதிரியே இருக்கு, அங்கே டீ மட்டும்தான் போடுவாங்க.

பெரிய சமையலறையில் கதை வேற. ஒரு தடவை வாணலியை இறக்கி வெச்சாங்க, வட்டமா மஞ்சள் தழும்பு விழுந்திடுச்சு. என்ன செஞ்சும் போகலை. குவார்ட்ஸ்னு பேர்தான் கல்லு, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல குவார்ட்ஸ் தூள், மீதி அதை ஒட்ட வைக்கிற பிசின். 150 டிகிரிக்கு மேல போனா அந்தப் பிசின் தாங்காது. தோசைக்கல் சாதாரணமாவே 200 டிகிரியைத் தாண்டும். உங்க அத்தை சமையலுக்கு இது ஆகாதுங்க.

ஊட்டி_ஓய்வு_ஆசிரியர்

புவியியல் நடத்தியவன் என்கிற முறையில் ஒரு வார்த்தை. கடையில் சொல்லும் பெயரை நம்ப வேண்டாம், கல்லையே கேளுங்கள், அது சொல்லும். நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறை, பழனி மலையும் பெரும்பகுதி அப்படியே. கிரானைட் என்று விற்கப்படுவதில் இந்த இனக் கற்களும் உண்டு, அவை தரமானவை. மினுமினுப்புப் புள்ளியோடு வரும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டுவது. அது அறிவியல்படி கிரானைட்டே அல்ல, கேப்ரோ என்னும் வேறொரு பாறை வகை. அதனால் குறையொன்றும் இல்லை, கடினம் போதும். மேடைக்கு ஆகாதது சுண்ணாம்பு இனம்: மார்பிள், கடப்பா, கோட்டா. கடினத்தைக் குறிக்கும் மோ அளவில் சுண்ணாம்புக் கற்கள் 3 அருகே நிற்கும், கிரானைட் 6க்கு மேல். ஒரு எஃகுக் கத்தி முன்னதைக் கீறிவிடும், பின்னதில் தோற்கும்.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, அரை மணி நேரம் விட்டுத் துடைத்துச் சாய்த்துப் பாருங்கள், மங்கினால் சுண்ணாம்பு. தண்ணீர் ஒரு சொட்டு, கால் மணி நேரத்தில் கல் கருத்தால் உறிஞ்சுகிறது என்று பொருள். மூன்றாவது கருப்புக் கல்லுக்கு மட்டும்: நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல்.

மலைவீடு_கோத்தகிரி

ஐயா, ராத்திரி மூணும் செஞ்சு பார்த்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

முதல் துண்டைத் தேய்ச்சதும் துணி கரியா வந்துச்சு. "கிரானைட்தான்"னு கொடுத்த ஐந்தாவது துண்டு எலுமிச்சையில் தெளிவா மங்கிப் போச்சு, வாடகை வீட்டுக் கடப்பா மாதிரியே. மார்பிளும் அப்படித்தான். சாம்பல் புள்ளிக் கல் மட்டும் சாறுக்கும் அசையலை, கத்திக்கும் கீறலை. ஆனா தண்ணிச் சொட்டு விட்ட இடம் லேசா கருத்து, காலையிலதான் பழையபடி ஆச்சு. அப்ப இதையும் விட்டுடணுமா?

ஊட்டி_ஓய்வு_ஆசிரியர்

விட வேண்டாம் அம்மா. வெளிர் நிறக் கிரானைட்டுகள் கொஞ்சம் குடிக்கும். நல்ல சீலர் அடித்தால் போதும், தண்ணீர்ச் சொட்டு திரும்பக் கருக்கும்போது மறுபடி அடியுங்கள். கல் முழுக்கக் காய்ந்த பிறகே சீலர். கோத்தகிரியில் வடகிழக்கு மழை டிசம்பர் வரை இழுக்கும், ஆகவே பிப்ரவரி, மார்ச் வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கல் பற்றி: கிரானைட் சூட்டைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த கல்லில் ஒரே இடத்தில் திடீர்ச் சூடு பட்டால் அந்த இடம் மட்டும் விரிய முயலும், சுற்றியுள்ள கல் விடாது. நடுவில் ஒன்றும் ஆகாது. சிங்க், அடுப்புக்காக வெட்டிய இடத்தின் ஓரத்தில்தான் ஆபத்து. அத்தை கை எட்டும் இடத்தில் ஒரு பிரிமணை போட்டு வையுங்கள், விறகடுப்புக் காலத்தவருக்கு அது பழகிய பொருள்.

தேயிலைக்கடை_குன்னூர்

ஸ்டீல் மேடையைப் பத்தி யாரும் சொல்லலையே. என் கடையில் அதுதான், சூடு, புளிப்பு, தண்ணி எதுக்கும் அசையாது. எடுத்தா 304 கிரேடு பில்லில் எழுதி வாங்குங்க. காந்தம் ஒட்டலைன்னா 304ன்னு சொல்லுவாங்க, அது சரியில்லை, மலிவான 202லயும் காந்தம் ஒட்டாது. வீட்டுக்குன்னா சத்தமும் கீறலும் ஒத்து வருமான்னு யோசிங்க.

கல்மேஸ்திரி

அம்மா, 22 வருசமா மேடை போடறேன், மலை மேலயும் நிறைய போட்டிருக்கேன். கல்லு நல்லா தேர்ந்தெடுத்துட்டீங்க. ஆனா உங்க வாடகை வீட்டு மேடை விரிஞ்சதுக்குக் கடப்பா மட்டும் காரணம் இல்லீங்க. சிங்க் ஓட்டையை நாலு மூலையும் சதுரமா, மெஷின் பிளேடு தாண்டி ஓடற மாதிரி வெட்டியிருப்பாங்க. அந்தக் கீறல்ல இருந்துதான் விரிசல் கெளம்பும். கிரானைட்ல அப்படி வெட்டினாலும் விரியும். மூலை நாலுலயும் முதல்ல ட்ரில்லுல ஓட்டை போட்டுட்டு, ஓட்டையில இருந்து ஓட்டைக்கு வெட்டச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.

வீட்டுக்கு லாரி வருமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

மலைவீடு_கோத்தகிரி

வராதுங்கண்ணா. ரோட்டிலிருந்து எழுபது படி கீழே இறங்கணும், நடுவுல ஒரு திருப்பம்.

கல்மேஸ்திரி

நெனச்சேன். 20 எம்.எம். கல்லு சதுர அடிக்கு அஞ்சு கிலோ வரும். உங்களுக்கு மொத்தம் 28 சதுர அடி, 140 கிலோ. 9 அடியை ஒரே துண்டா படியில இறக்கினா திருப்பத்துல ஒடியும், ஆள் காலும் போகும். அதை இரண்டா வெட்டி எடுத்து வாங்க. ஜாயின்ட் சிங்க்குலயும் வேண்டாம், அடுப்புலயும் வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல, கீழே சுவர் இருக்கிற இடத்துல வரட்டும். எபாக்ஸிப் பசையில கல்லு நிறம் கலந்து ஒட்டினா கண்ணுக்கே தெரியாது. கல்லை எப்பவும் நிமித்திப் பிடிச்சுத்தான் தூக்கணும், படுக்க வெச்சுத் தூக்கினா தன் எடையிலயே நடுவுல முறியும். சிங்க் ஓட்டையைக் கடையில வெட்டாதீங்க, வீட்டுல இறக்கினதுக்கு அப்புறம் தண்ணி ஊத்தி வெட்டட்டும். தண்ணி இல்லாம வெட்டினா தூசி பசங்க நுரையீரலுக்குள்ள போகும்.

கீழே சப்போர்ட் இரண்டு அடிக்கு ஒண்ணு. முன் விளிம்புக்கு அடியில நீளத்துக்கும் ஒரு சின்ன காடி (கோடு மாதிரி பள்ளம்) போடச் சொல்லுங்க, வழியற தண்ணி அதோட நின்னு சொட்டிடும், உள்ளே ஓடி அலமாரிக்குப் போகாது. காசு அதிகம் இல்லை, கேட்டாத்தான் செய்வாங்க.

கொடை_விடுதி

குவார்ட்ஸ் பக்கம் திரும்பவும் மனசு போனா, மேஸ்திரி சொன்ன தூசியை நினைச்சுக்குங்க. வெட்டறவங்களுக்கு நுரையீரல் நோய் வருதுன்னு ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1ல இருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. எனக்குப் போடறதுக்கு முன்னாடி இது தெரியாமப் போச்சு.

குன்னூர்_அக்கா

அலமாரிக்கு 710 கிரேடு, அதாவது தண்ணி தாங்கற பிளைவுட் கேளுங்க, சாதா எம்.ஆர். பலகை நம்ம ஈரத்துக்கு இரண்டு மழை தாங்காது. வெளிச்சுவரை ஒட்டாம விரலளவு இடைவெளி விட்டு வைங்க. அந்தச் சுவர் உள்பக்கம் வேர்க்கும்.

மலைவீடு_கோத்தகிரி

சாம்பல் புள்ளிக் கல்லுக்கு இன்னிக்கு முன்பணம் கொடுத்துட்டேன். அதே ஸ்லாபிலிருந்து வெட்டின துண்டைக் கையில வாங்கி வெச்சிருக்கேன், இறங்கற கல்லோட ஒப்பிட்டுப் பார்க்க. காடி, மூலை ட்ரில், நடு ஜாயின்ட் மூணையும் பில்லிலேயே எழுதச் சொல்லிட்டேன். மேஸ்திரி அண்ணா, கடைசியா ஒண்ணு: போட்டு எத்தனை நாள் கழிச்சு சமைக்கலாம்? அத்தை மேடையில சின்ன உரல் வெச்சு இடிப்பாங்க, பரவாயில்லையா?

கல்மேஸ்திரி

ஜாயின்ட் ஒட்டினதுக்கு அப்புறம் முழுசா மூணு நாள் விடுங்கம்மா, மலைக் குளிர்ல எபாக்ஸி மெதுவாத்தான் இறுகும். உரலை சப்போர்ட் சுவருக்கு நேர் மேல, அடியில சாக்குத் துணி மடிச்சுப் போட்டு வைக்கட்டும். ரெண்டு சுவருக்கு நடுவுல மட்டும் வேண்டாம். எந்த இடம்னு அத்தையைக் கேட்டு முதல்லயே சொல்லிடுங்க, அங்க ஒரு சப்போர்ட் சேர்த்துக் கட்டிடலாம்.