மூண்டு ஓட்டைப் போத்தில் பரிசோதனை படத்தில இருக்கிற மாதிரி வரேல்ல, ஏன்? வீட்டில பிள்ளையளோட வேற என்ன செய்யலாம்?

குளத்தடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்தில இருந்து கொஞ்சத் தூரம். மூத்தவன் தரம் 7, இளையவள் தரம் 4. ஆகஸ்ட் லீவு விட்ட நாளில இருந்து ரெண்டு பேரும் ஃபோனோடதான், அதால வீட்டில கிடக்கிற சாமானை வைச்சு ஏதாவது செய்து காட்டுவம் எண்டு தொடங்கினன். பெட்டியில வாற சயன்ஸ் செட் எல்லாம் கொழும்பு விலை, எங்களுக்குக் கட்டாது.

முந்தநாள் ஒண்டரை லீட்டர் போத்தில் ஒண்டில மேல, நடுவில, கீழ எண்டு மூண்டு ஓட்டை போட்டு, டேப் ஒட்டித் தண்ணி நிரப்பி முத்தத்தில நிலத்தில வைச்சு, டேப்பை ஒரேயடியா இழுத்தம். நான் பாத்த படத்தில கீழ் ஓட்டைத் தண்ணிதான் கனதூரம் போகுது, மேல் ஓட்டைத் தண்ணி கிட்டத்தான் விழுது. எங்களுக்கு நடு ஓட்டைத் தண்ணிதான் தூரம் போச்சு, மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில விழுந்திச்சு. மூண்டு தரம் செய்தும் அப்பிடித்தான். மூத்தவன் "அம்மா அப்ப அந்தப் படம் பிழை" எண்டுறான், எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்ல. ஓட்டை சரியாப் போடேல்லையோ எண்டு யோசிச்சன், ஆனால் ஒரே ஆணியைச் சூடாக்கித்தான் மூண்டும் போட்டது. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. வேற என்ன செய்யலாம் எண்டும் சொன்னால் நல்லம், லீவு முடிய இன்னும் நாள் கிடக்கு.

சோக்குக்கட்டி (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்):

தங்கச்சி, முதல்ல மகனுக்கு ஒண்டு சொல்லுங்கோ, அவன் பாத்தது சரி. நிலத்தில வைச்சால் நடு ஓட்டைதான் தூரம் போகும். அந்தப் படத்தைக் கனபேர் பிழையாக் கீறி வைச்சிருக்கினம், நானும் கன வருசம் அதையே கரும்பலகையில கீறிக் குடுத்தனான், ஒருநாள் வகுப்பில உண்மையாச் செய்து பாத்த பிறகுதான் எனக்கே விளங்கினது.

விசயம் இதுதான். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும், அதால கீழ் ஓட்டையாலதான் தண்ணி வேகமா வரும், அதில சந்தேகமே இல்லை. ஆனால் தூரம் போறதுக்கு வேகம் மட்டும் காணாது, விழுறதுக்கு நேரமும் வேணும். கீழ் ஓட்டைத் தண்ணி நிலத்துக்குக் கிட்ட இருக்கிறபடியால் வெளியால வந்த கையோட நிலத்தில முட்டிப்போடும். மேல் ஓட்டைத் தண்ணிக்கு விழ நேரம் கனக்க, ஆனால் வேகம் குறைவு. நடுவில இருக்கிறதுக்கு ரெண்டும் அளவாக் கிடைக்குது. வேகம் ஆழத்தின்ர வர்க்கமூலத்தோட போகும் எண்டு இத்தாலிக்காரர் டொரிசெல்லி 1644இல எழுதி வைச்சவர், அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தாலும் தண்ணி மட்டத்துக்கும் நிலத்துக்கும் சரிபாதியில இருக்கிற ஓட்டைதான் முதலாவதா வரும்.

இப்ப அதே போத்திலைத் தூக்கி ஒரு கதிரையில, விளிம்புக்குக் கிட்ட வைச்சுச் செய்யுங்கோ, தண்ணி நிலத்தில விழட்டும். மூண்டுக்கும் விழ நேரம் கிடைக்கிறபடியால் கீழ் ஓட்டை முந்திப்போடும், படத்தில இருக்கிற மாதிரியே வரும். செய்ய முதல் "கதிரையில வைச்சால் என்ன நடக்கும்" எண்டு ரெண்டு பேரிட்டையும் கேட்டு ஒரு கடதாசியில எழுதி வையுங்கோ. மறுமொழியை முந்திச் சொல்லிப்போடாதேங்கோ.

பிறகு குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கட்டு மேல ஒடுக்கமா, அடியில அகலமா ஏன் இருக்கு, அடியில இருக்கிற துருசை, அதுதான் மதகுக் கதவை, துறந்தால் தண்ணி ஏன் அப்பிடிச் சீறிக்கொண்டு வருது எண்டு கேளுங்கோ. போத்திலில பாத்த பிள்ளை தானாச் சொல்லும்.

இன்னொண்டு, வேற போத்திலில ஒரே ஒரு ஓட்டை போட்டு மூடியை இறுக்கினால் தண்ணி நிண்டுபோகும், துறந்தால் திருப்பி ஓடும். ஓட்டை சின்னனா இருக்கோணும்.

செவ்வரத்தை:

அக்கா நான் முல்லைத்தீவு, எனக்கும் அதே வயசில ஒரு மகள். எங்கட வீட்டில நல்லா எடுபட்டது மஞ்சள் கடதாசிதான். மஞ்சள்தூளைத் தண்ணியில குழைச்சு வெள்ளைக் கடதாசியில பூசிக் காயவிடுங்கோ, பிறகு சவர்க்காரத் தண்ணியில ஈர்க்கைத் தோய்ச்சு அதில எழுதினால் எழுத்து சிவப்பா வரும். தேசிக்காய்ப்புளி தடவினால் திருப்பி மஞ்சளாப் போயிடும். மகள் பாத்துப்போட்டு "இது ஆலாத்தித் தண்ணியெல்லோ" எண்டாள், எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. உண்மைதானே, மஞ்சளோட சுண்ணாம்பைச் சேர்த்து நாங்கள் ஆலாத்தி சிவப்பாக்கிறதும் இதே வேலைதான், மஞ்சளில இருக்கிற குர்குமின் சவர்க்காரம், சுண்ணாம்பு மாதிரிக் காரப் பொருளில நிறம் மாறுது. சுண்ணாம்பை மட்டும் பிள்ளையளின்ர கையில குடுக்க வேண்டாம், கண்ணில பட்டால் சரியான கரைச்சல், அதுக்குச் சவர்க்காரமே காணும்.

செவ்வரத்தம்பூவும் அப்பிடித்தான். இதழைச் சுடுதண்ணியில போட்டு வடிச்சு மூண்டு கிளாசில ஊத்தி, ஒண்டில தேசிக்காய், ஒண்டில அப்பச்சோடா, ஒண்டைச் சும்மா விடுங்கோ. புளி விட்டது இளஞ்சிவப்பா வரும், சோடா போட்டது பச்சைப் பக்கம் போகும்.

பிறகு உங்கட கேத்திலைப் பாருங்கோ. எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியில அடியில வெள்ளையாக் கல்லுப் படியுமெல்லோ, அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து வினாகிரி விட்டால் நுரைச்சு வரும். அது கல்சியம் காபனேற்று, வாற வாயு காபனீரொட்சைட்டு. ஒரு போத்திலில கிணத்துத் தண்ணி, மற்றதில மழைத்தண்ணி எடுத்து ரெண்டுக்கும் ஒரேயளவு சவர்க்காரம் சீவிப்போட்டுக் குலுக்கிப் பாருங்கோ, எதில நுரை கூட வருதெண்டு. உடுப்புத் தோய்க்கேக்க ஏன் இவ்வளவு சவர்க்காரம் முடியுது எண்டு அண்டைக்குத்தான் அவளுக்கு விளங்கினது.

வயல்காரன்:

எல்லாரும் வீட்டுக்குள்ள செய்யிறதைச் சொல்லுறியள், நான் வயலில இருந்து ஒண்டு சொல்லுறன். காலபோகத்துக்கு விதைநெல் எடுக்கேக்க எங்கட அப்பா உப்புத்தண்ணியில போட்டுத்தான் சப்பி, அதுதான் மணி முற்றாத பதர், அகற்றுவார். வாளித் தண்ணியில ஒரு முட்டையைப் போட்டால் அடியில கிடக்கும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கரைச்சுக்கொண்டு வர முட்டை மெல்ல மெல்ல எழும்பி, ஒரு ரூபாக் குத்தியளவு வெளியால தெரியும், அதுதான் அளவு. இப்ப நெல்லைப் போட்டால் மணி முற்றினது தாழும், சப்பி மிதக்கும். மிதக்கிறதை வடிச்செடுத்துப்போட்டு மிச்சத்தை நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் கழுவோணும், உப்பு நிண்டால் முளைக்காது. பிள்ளையளிட்ட தாண்டது பத்து, மிதந்தது பத்து எண்டு ஈரத்துணியில சுத்தி வைக்கச் சொல்லுங்கோ, எது எத்தினை முளைக்குது எண்டு அவையே எண்ணட்டும்.

கலங்கல் தண்ணிக்கு முருங்கை விதையும் செய்து பாருங்கோ. காய்ஞ்ச விதையின்ர பருப்பை இடிச்சுக் கலங்கல் தண்ணியில கலக்கி ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வைச்சால் சேறு திரண்டு அடியில படியும். பக்கத்தில சும்மா கலங்கலும் ஒரு போத்தில் வையுங்கோ, அப்பதான் வித்தியாசம் தெரியும். ஆச்சி ஆக்கள் தேத்தாங்கொட்டையைப் பானைக்குள்ள உரைச்சதும் இதுக்குத்தான். தெளிஞ்சாலும் குடிக்க விடாதேங்கோ, கிருமி அதிலயே இருக்கும், கொதிக்க வைச்சால்தான் சரி.

ஒரு முக்கியமான விசயம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைச்சுக் கடற்கரைக் கறுப்பு மண்ணில ஒட்டுற மணியைப் பொறுக்கிறது நல்ல விளையாட்டு, ஆனால் கடற்கரையோட நிக்கட்டும். காந்தத்தைக் கொண்டு பற்றைக்குள்ளயும் கண்ணிவெடி துப்பரவாக்காத காணியிலயும் இரும்பு தேட விடாதேங்கோ. கறள் பிடிச்ச சாமான் எதைக் கண்டாலும் தொடக்கூடாது, தூக்கி எறியவும் கூடாது, உடன வந்து சொல்லோணும் எண்டு பழக்குங்கோ. அந்த இடத்தில ஒரு அடையாளம் வைச்சிட்டு 119க்கு எடுங்கோ. எங்கட பிள்ளையளுக்கு இதைப் பரிசோதனைக்கு முதல் சொல்லோணும்.

சோக்குக்கட்டி:

வயல்காரத் தம்பி சொன்ன கடைசி விசயத்தை எல்லாரும் ரெண்டு தரம் வாசியுங்கோ.

இந்த லீவுக்குள்ள இன்னொண்டும் வருது தங்கச்சி. ஆகஸ்ட் 28, 29ஐ அண்டிக் கிளிநொச்சிக்கு சூரியன் நேர் உச்சியில வரும், மத்தியானம் 12 மணி 10 நிமிசமளவில. ஒரு பைப் துண்டை நூல்குண்டு பிடிச்சு நேரா நிறுத்தினால் நிழல் காலடிக்குள்ளயே மறைஞ்சுபோகும். வவுனியாவில இருக்கிறாக்களுக்கு ரெண்டு நாள் பிந்தி. சித்திரை வருசப்பிறப்பை அண்டியும் இப்பிடி வரும். ஒரு கிழமைக்கு முதலே தொடங்கி ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில நிழலின்ர நுனியில கல்லு வைச்சுக்கொண்டு வாங்கோ. சூரியனை நேரப் பாக்க விடாதேங்கோ, நிழல் காணும்.

குளத்தடி அம்மா:

எல்லாருக்கும் கனக்க நன்றி. நேற்றுப் பின்னேரம் கதிரையில வைச்சுச் செய்தம். மகள் "நடு ஓட்டைதான்" எண்டு எழுதினவள், மகன் "கீழ்" எண்டு எழுதினவன். கீழ் ஓட்டைத் தண்ணி ஒண்டரை அடிக்கு மேல போச்சு, நடு அதுக்குப் பின்னால, மேல் ஓட்டை எல்லாத்திலயும் கிட்ட. மகன் அதோட விடேல்ல, மேசையில வைச்சால் இன்னும் தூரம் போகுமோ எண்டு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டான், இருட்டுப்படும் வரைக்கும் அடிமட்டத்தால அளந்து எழுதிக்கொண்டு நிண்டவங்கள். தகப்பன் வேலையால வந்து அவரும் சேர்ந்து நிண்டவர். ஃபோனை ஒருத்தரும் கேக்கேல்ல.

நாளைக்கு உப்புத்தண்ணி செய்யப் போறம். வயல்காரன் அண்ணை, தூள் உப்போ கட்டி உப்போ நல்லம்?

வயல்காரன்:

ரெண்டும் சரி தங்கச்சி, ஆனையிறவுக் கட்டி உப்பு எண்டால் மலிவு, கரையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முட்டை புதுசா இருக்கோணும், நாள்பட்ட முட்டைக்குள்ள காத்து கூடினபடியால் அது நல்ல தண்ணியிலயே எழும்பிப்போடும். வேணுமெண்டால் பழைய முட்டை ஒண்டையும் பக்கத்தில போட்டுக் காட்டுங்கோ.