மண் பாக்டீரியா புதுச் சூழலுக்குப் பழகுவது எப்படி: சொந்தச் சடுதிமாற்றமா, கடன் வாங்கிய மரபணுவா?

குடுவை:
மண் பாக்டீரியா மிக மெதுவாக மாறும் என்று இன்னொரு இழையில் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று போதும். சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் பாக்டீரியாவில் கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) உருவாவதற்கான தலைமை மரபணுவை நீக்கிவிட்டார்கள். நீந்த முடியாது. சோதனைக்கூட ஜெல் தட்டின் நடுவில் விட்டார்கள், பக்கத்தில் இருந்த உணவு தீர்ந்தது. 96 மணி நேரத்துக்குள் மறுபடி நீந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டன. நீக்கிய மரபணு திரும்பி வரவில்லை. நைட்ரஜனைக் கவனிக்கும் வேறொரு கட்டுப்பாட்டுப் புரதம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. முதல் சடுதிமாற்றம் (மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்) அந்தப் புரதத்தின் செயல்பாட்டை ஏகமாகக் கூட்டியது, இரண்டாவது அதைக் கசையிழைப் பக்கம் திருப்பிவிட்டது. நான்கே நாளில் இவ்வளவு.

வேர்முடிச்சு:
அழகான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தட்டுங்க, மண் இல்லை. ஒரே இனம், போட்டிக்கு ஆளில்லை, ஊட்டம் கலந்த ஜெல். மண்ணிலோ ஒரு கிராமில் கோடிக்கணக்கான செல்கள், ஆயிரக்கணக்கான வகைகள். அதில் பெரும்பாலானவை பட்டினியில் உறங்கிக் கிடக்கின்றன. பிரிந்து பெருகினால்தானே சடுதிமாற்றம் சேரும்?

மண்ணில் நடந்ததையே சொல்கிறேன். நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயறுச்செடியை ஒரு நிலத்தில் விதைத்தார்கள். அதோடு சேரும் ரைசோபியம், அதாவது வேர்முடிச்சுக்குள் வாழ்ந்து செடிக்கு நைட்ரஜன் தரும் பாக்டீரியா, அந்த மண்ணில் கிடையாது. அதனால் ஒரே ஒரு இனத்தை விதையோடு சேர்த்து விட்டார்கள். ஏழு வருடம் கழித்து வேர்முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தவற்றில் பல, விட்ட இனத்தின் வாரிசுகளே இல்லை. உள்ளூர் பாக்டீரியாக்கள்! வந்தவனிடமிருந்து சுமார் 5 லட்சம் காரஇணை (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி) நீளமுள்ள மரபணுத் துண்டை வாங்கி, தங்கள் குரோமோசோமில் செருகிக்கொண்டு முடிச்சுக்குள் குடியேறியிருந்தன. அந்த மண்ணின் குளிரும் அமிலமும் அவற்றுக்கு ஏற்கெனவே பழக்கம். செடியோடு சேரும் வித்தை மட்டும்தான் பாக்கி இருந்தது, அதுவும் மொத்தமாகக் கைக்கு வந்துவிட்டது.

குடுவை:
சரி, அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? கடன் கொடுக்க யாரோ ஒருவர் முதலில் சம்பாதித்திருக்க வேண்டுமே.

அட்ரசினை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியில் வந்த செயற்கைக் களைக்கொல்லி, இயற்கையில் இல்லாத பொருள். தொடக்கத்தில் மண்ணில் மெதுவாகத்தான் சிதைந்தது. 1990களில் அதையே நைட்ரஜன் உணவாகத் தின்று வளரும் பாக்டீரியாக்கள் பல இடங்களில் அகப்பட்டன. அதிலிருந்து குளோரினைக் கழற்றும் நொதியில் 475 அமினோ அமிலங்கள். மெலமினைச் சிதைக்கும் இன்னொரு நொதியோடு ஒப்பிட்டால் ஒன்பதே ஒன்பது இடங்களில்தான் வேறுபாடு. ஆக, சடுதிமாற்றம். அதற்குப் பிறகுதான் பிளாஸ்மிட் (செல்லுக்குச் செல் தாவக்கூடிய தனி டிஎன்ஏ வளையம்) அதை ஊரெல்லாம் கொண்டுபோனது. தபால்காரர் கடிதம் எழுதுவதில்லை, வேர்முடிச்சு.

வேர்முடிச்சு:
எழுதியவர் ஒருவர், வாசித்துப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர். "மண் பாக்டீரியா எப்படிப் பழகுகிறது" என்று கேட்டால் அந்த ஆயிரம் பேரைப் பற்றித்தானே பேச வேண்டும்?

நுண்துளை:
இரண்டு பேரும் போட்டியை விட்டுவிட்டீர்கள். புதுச் சூழல் என்பது வெப்பமும் அமிலமும் மட்டுமா? பக்கத்தில் இருப்பவனும் சூழல்தான். 1998-இல் வந்த சோதனை: அதே சூடோமோனாஸ், ஒரே செல்லில் தொடங்கிய கூட்டம். குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் ஒரே வடிவம். அசைக்காமல் வைத்தால் சில நாளில் மூன்று வகை. அதில் ஒன்று, சுருக்கம் விழுந்த கூட்டமாக வளர்வது, செல்லுலோஸைச் சுரந்து நீர்ப்பரப்பில் பாய் போட்டு மிதக்கும், ஆக்ஸிஜன் அங்கேதான் அதிகம். அப்புறம் அந்தச் செல்லுலோஸைச் சுரக்கும் செலவை ஏற்காத ஏமாற்றுக்காரச் செல்கள் பாயில் ஏறிக்கொள்ளும், கனம் தாங்காமல் பாய் மூழ்கும்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பையும் பாருங்கள். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில், பெனிசிலின், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. மருந்துக்கடை வருவதற்கு எவ்வளவு முன்னால்! ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் சுரக்கும் விஷத்தோடு பிழைக்கப் பழகியதுதான் அது.

வேர்முடிச்சு:
நுண்துளை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்லலாமா? மண்துகளின் பரப்பில் ஒரு சதவீதம்கூட பாக்டீரியா மூடியிருப்பதில்லை. காய்ந்த மண்ணில் நீர்ப்படலம் அறுந்து, ஒவ்வொரு சிறு கூட்டமும் தனித்தனியாகச் சிக்கிக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரனே இல்லாதபோது யாரோடு போட்டி?

நுண்துளை:
மழை பெய்ததும்? வேர் ஓரத்தில்? அங்கே சர்க்கரை கசியும், கூட்டம் நெருக்கியடிக்கும், சண்டையும் அங்கேதான். பரப்பின் சராசரியை வைத்து ஏன் பேசுகிறீர்கள்? பேசிலஸ் சப்டிலிஸ் பசி வந்ததும் உடனே வித்தாக (பட்டினியைத் தாங்கும் உறக்கநிலைச் செல்லாக) மாறிவிடாது. முதலில் சகோதரச் செல்களைக் கொன்று தின்று நாளைத் தள்ளும். வித்தாக மாறத் தொடங்கி ஒரு கட்டம் தாண்டினால் பின்வாங்க முடியாது என்பதால் இந்தத் தாமதம். இதில் புது மரபணுவும் இல்லை, சடுதிமாற்றமும் இல்லை, கையில் இருக்கிற சுவிட்சைப் போடுவது அவ்வளவுதான். உங்கள் இருவர் கணக்கிலும் இது வரவில்லை.

குடுவை:
அது பழகிக்கொள்வது, பரிணாமம் இல்லை. அந்தச் சுவிட்ச் உருவானதுதான் பரிணாமம். சரி, வேர்முடிச்சுக்கு ஒரு கேள்வி. ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கிருமி நீக்கிய மண்ணிலும் மற்றதை உயிருள்ள மண்ணிலும் விடுவோம். ஆறு மாதம் கழித்து இரண்டின் மரபணுத்தொகுதியையும் படித்தால் போட்டியால் வந்த மாற்றம் எது, மண்ணால் வந்தது எது என்று பிரிந்துவிடாதா?

வேர்முடிச்சு:
பிரியாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைத்த மண்ணில் செத்த செல்களின் சத்தெல்லாம் கரைந்து வெளியே வந்துவிடும். பட்டினி மண்ணைச் சோதிக்கப்போய் விருந்து வைத்ததாகிவிடும். காமா கதிர் பாய்ச்சினால் மண்ணின் அமைப்புக்குச் சேதம் குறைவு, ஆனால் செத்தவற்றின் சத்து அங்கேயும் இருக்கும். உங்கள் இரண்டு பங்கிலும் போட்டி மட்டும் வேறுபடாது, சாப்பாடும் வேறுபடும்.

நுண்துளை:
அப்படியானால் கிருமி நீக்கிய மண்ணை இரண்டு பங்காக்கி, ஒன்றில் மட்டும் அந்த மண்ணின் பழைய பாக்டீரியாக்களைத் திரும்பக் கலந்துவிடுங்கள். ஆரம்பத்தில் சாப்பாடு ஒன்றுதான், போட்டி மட்டும் வேறு. விட்ட இனத்துக்கு ஓர் அடையாள மரபணு வைத்தால் கூட்டத்தில் தேடி எடுத்துவிடலாம்.

வேர்முடிச்சு:
இது நடக்கும். ஆனால் அடையாளத்தைப் பிளாஸ்மிட்டில் வைக்காதீர்கள், குரோமோசோமில் வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் பக்கத்தில் இருப்பவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான்.